ராஜாஜி பிறந்தது எந்த மாவட்டம்?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்தார். இதில் யாருக்கும் ஐயம் இல்லை. எந்த மாவட்டம் என்று கேட்டால்தான் விடை மாறும். பழைய நூல்கள் சேலம் மாவட்டம் என்கின்றன. அவற்றுக்குப் பிறகு வந்தவை தருமபுரி என்கின்றன. இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கேட்டால் கிருஷ்ணகிரி என்று பளிச்சென்று சொல்லும். மூன்றும் சரியான விடைகளே. தொரப்பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஊர் நகரவில்லை, கோடுகள் நகர்ந்தன.

ஓசூரில் வளர்ந்த ஒரு பெரியவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாவட்டத் தலைநகரம் மாறியபோது அவர் இங்கேயேதான் இருந்தார். ஆனால் அந்த மூன்று நூல்களையும் ஒரே நாளில் படிக்கும் கணினியின் நிலை வேறு. அதற்குத் தாத்தா இல்லை, பாட்டி இல்லை, பக்கத்து வீடு இல்லை. கையில் இருப்பது எழுத்து மட்டுமே. ஒரு மனிதருக்கு மூன்று பிறந்த மாவட்டங்கள் எப்படி இருக்க முடியும்? எந்த நூலை நம்புவது? இந்த எளிய கேள்விக்குள் கணினி அறிவியலின் மிகப் பெரிய கனவுகளில் ஒன்று அடங்கியிருக்கிறது: எழுத்தைப் படித்து, தானாகவே உண்மைகளைச் சேர்த்து, நாளுக்கு நாள் அறிவு வளரும் இயந்திரம்.

நெல் என்றொரு இயந்திரம்

கணினிக்கு உலக அறிவை ஊட்டும் முயற்சி பழையது. 1984இல் அமெரிக்காவில் டக்ளஸ் லெனட் தொடங்கிய சைக் என்ற திட்டத்தில், அன்றாட வாழ்வின் பொது அறிவை அறிஞர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதி உள்ளிட்டார்கள். தண்ணீர் கீழ்நோக்கி ஓடும் என்பது போல, நாம் சொல்லித் தெரிந்துகொள்ளாத செய்திகளைக்கூட அதற்குச் சொல்ல வேண்டியிருந்தது. பல்லாண்டு உழைத்தும் வேலை தீரவில்லை. கையால் ஊட்டினால் குழந்தை எப்போது தானாகச் சாப்பிடும்?

2010 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் தலைமையிலான குழு வேறு வழியில் இறங்கியது. முடிவின்றி மொழி கற்கும் கருவி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு நெல் என்று பெயரிட்டார்கள். நம் காதில் அது வயலில் விளையும் நெல்லாகவே விழுகிறது. தற்செயலாக அமைந்த பொருத்தம் என்றாலும் நல்ல பொருத்தம். ஏனென்றால் அவர்கள் அதற்குக் கொடுத்தது விதை மட்டும்தான்.

நகரம், விளையாட்டு, நிறுவனம், பழம் என்று சில நூறு வகைகளையும் உறவுகளையும் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 வரை எடுத்துக்காட்டுகளைக் கொடுத்தார்கள். படிக்க 50 கோடி இணையப் பக்கங்களைத் திறந்துவிட்டார்கள். பிறகு இயந்திரம் இரவு பகலாகப் படித்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, புதிய உண்மைகளைக் கண்டுபிடிப்பது. மற்றொன்று, நேற்றைவிட இன்று நன்றாகப் படிக்கக் கற்றுக்கொள்வது. அதை வெறும் தேடுபொறியிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த இரண்டாவது வேலைதான்.

‘போன்ற’ செய்யும் மாயம்

நெல் படித்தது ஆங்கிலம். அதே முறை தமிழில் எப்படி நடக்கும் என்று நம் ஊர்ச் சொற்களை வைத்தே பார்ப்போம்.

நகரம் என்ற வகைக்குச் சென்னை, மதுரை, சேலம் என்று மூன்று விதைகளைக் கொடுக்கிறோம். இயந்திரம் இந்தப் பெயர்கள் வரும் வாக்கியங்களைத் தேடுகிறது. சென்னை மாநகராட்சி ஆணையர், மதுரை மாநகராட்சி ஆணையர், சேலம் மாநகராட்சி ஆணையர் என்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ‘மாநகராட்சி ஆணையர்’ என்பதற்கு முன்னால் வருவது நகரத்தின் பெயராக இருக்கும் என்று ஊகிக்கிறது. இப்போது ஊகத்தைத் திருப்பிப் போடுகிறது. அதே சொற்களுக்கு முன்னால் வேறு என்னென்ன பெயர்கள் வருகின்றன? 2019க்குப் பிறகு வந்த செய்திகளைப் படித்தால் ‘ஓசூர் மாநகராட்சி ஆணையர்’ கிடைக்கும். அதற்கு முந்தைய செய்திகளில் அது கிடைக்காது. அந்த ஆண்டில்தான் ஓசூர் நகராட்சி மாநகராட்சியானது. ஒருமுறை படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட இயந்திரத்துக்கு இது தெரியவே தெரியாது. தொடர்ந்து படிக்கும் இயந்திரத்துக்குத் தெரியும்.

இன்னொரு வழியை 1992இல் அமெரிக்க ஆய்வாளர் மார்ட்டி ஹார்ஸ்ட் எடுத்துக்காட்டினார். எந்த மொழியிலும் ஒரு பொருளை அதன் வகையோடு சேர்த்துச் சொல்லும் சில வாய்பாடுகள் உண்டு. தமிழில் அந்த வேலையைச் செய்பவை ‘போன்ற’, ‘முதலிய’, ‘உள்ளிட்ட’ ஆகிய சொற்கள். ‘மல்கோவா, செந்தூரா, நீலம் போன்ற மாம்பழங்கள்’ என்று ஒரு வரி போதும். மூன்று பெயர்களும் மாம்பழ வகைகள் என்று இயந்திரம் குறித்துக்கொள்ளும். மா என்றால் என்ன, அதன் சுவை என்ன என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் தமிழில் ‘போன்ற’ இன்னொரு வேலையும் செய்கிறது. ‘மலர் போன்ற முகம்’ என்கிறோம். பழங்களைப் படித்த அதே வாய்பாட்டில் இதைப் படித்தால், மலர் என்பது முகங்களில் ஒரு வகை என்று இயந்திரம் முடிவு கட்டும். உவமைக்கும் வகைப்பாட்டுக்கும் ஒரே சொல். நம் மொழியில் நான்கு வயதுக் குழந்தை இதில் குழம்பாது. இயந்திரம் குழம்பும்.

மூன்று சாட்சிகள்

இத்தகைய குழப்பங்களிலிருந்து மீள நெல் கண்ட வழி, ஒரு நல்ல நீதிபதி பின்பற்றும் வழி. ஒரே சாட்சியை நம்பாதே. ஒருவரோடு ஒருவர் பேசிவைத்துக்கொள்ளாத பல சாட்சிகளைக் கேள்.

முதல் சாட்சி வாக்கியம். சொல்லைச் சுற்றி என்ன வருகிறது என்று அது பார்க்கும். இரண்டாம் சாட்சி பட்டியல். இணையப் பக்கத்தில் ஒரே வரிசையில் அடுக்கப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஐந்து ஊர்களுக்கு நடுவில் ஒரு புதுப் பெயர் இருந்தால் அதுவும் ஊராகவே இருக்கும். மூன்றாம் சாட்சி சொல்லின் வடிவம். எங்கள் ஓசூர்ப் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: தொரப்பள்ளி, கெலவரப்பள்ளி, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, மத்திகிரி. பள்ளி, கோட்டை, கிரி என்று முடிந்தால் ஊர் என்று அந்தச் சாட்சி சொல்லும்.

இந்த மூன்றாம் சாட்சியை மட்டும் கேட்டால் ‘அரசு மேல்நிலைப்பள்ளி’யும் ஓர் ஊராகிவிடும். வாக்கியச் சாட்சியை மட்டும் கேட்டால் மலர் முகமாகிவிடும். ஒவ்வொரு சாட்சிக்கும் தவறு நேரும். ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்வது அரிது. மேல்நிலைப்பள்ளியை ஊர்களின் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. அதில் ‘குடியேறினார்’ என்றும் யாரும் எழுதுவதில்லை. சாட்சிகள் ஒத்துப்போகும்போதுதான் செய்தி நம்பிக்கையாக ஏறும்.

சாட்சிகளோடு சட்டங்களும் உண்டு. பூ முகமாகாது, ஊர் பழமாகாது என்பது ஒரு சட்டம். பிறப்பிடம் என்ற உறவின் ஒரு முனையில் மனிதரும் மறுமுனையில் இடமும் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இந்த வேலிகளைத் தாண்டிவரும் செய்தியை இயந்திரம் வெளியே நிறுத்தும். நூற்றுக்கணக்கான வகைகளை ஒன்றாகக் கற்பது ஒன்றைத் தனியாகக் கற்பதைவிட எளிது என்பதுதான் மிட்செல் குழுவின் மிக அழகிய கண்டுபிடிப்பு. ஒன்றைப் பற்றிய அறிவு மற்றொன்றின் தவறைத் தடுக்கிறது. மனிதர்கள் கற்பதும் இப்படித்தானே?

களை முளைத்த வயல்

முதல் 67 நாட்களில் நெல் ஏறத்தாழ 2,42,000 நம்பிக்கைகளைச் சேர்த்தது. அவற்றில் நூற்றுக்கு 74 சரி என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்த 74க்குள் ஒரு பாடம் இருக்கிறது. தொடக்கச் சுற்றுகளில் சேர்ந்தவற்றில் நூற்றுக்கு 90 சரியாக இருந்தன. கடைசிச் சுற்றுகளில் அது 57 ஆக இறங்கியது.

காரணம் எளிது. தானே கற்கும் இயந்திரம், தான் நேற்று நம்பியதை வைத்துத்தான் இன்று கற்கிறது. நேற்றைய தவறு இன்றைக்கு விதையாகிறது. அறிவியலில் இதைப் பொருள் நழுவல் என்கிறார்கள். ஆங்கிலத்தில் வீட்டில் சுடும் பிஸ்கட்டுக்கும், இணையத்தில் உலவும்போது கணினியில் பதியும் சிறு கோப்புக்கும் குக்கீ என்று ஒரே பெயர். ‘என் இணையக் குக்கீகளை அழித்தேன்’ என்ற வகை வாக்கியங்களைப் படித்த நெல், இணையக் குக்கீயைத் தின்பண்டங்களோடு சேர்த்தது. அடுத்து ‘என் கோப்புகளை அழித்தேன்’ என்று படித்தது. குக்கீ தின்பண்டம் என்றால் கோப்பும் தின்பண்டம்தான் என்று போனது. ஒரு களை பல களைகளாயிற்று.

மனிதர்கள் இடையிடையே இறங்கிச் சில களைகளைப் பிடுங்கினார்கள். நாளுக்குச் சில நிமிடங்கள் போதுமாயிருந்தன. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் இல்லாமல் முடியவில்லை. பின்னாளில் பல கோடி நம்பிக்கைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்ற மதிப்போடு வைத்துக்கொண்ட அந்த இயந்திரத்துக்கும், தவறைச் சுட்டிக்காட்ட ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார்.

பெயர்களின் எல்லைப்புறம்

குக்கீ குழப்பம் அங்கே ஏதோ ஒரு சொல்லில் நேர்ந்தது. ஓசூர்ப் பக்கம் வந்தால் நெல் தடுக்கி விழாத தெருவே இருக்காது.

ஊர்ப் பெயரிலேயே தொடங்கலாம். கன்னடத்தில் ஹொச என்றால் புதிய. ஹொசூரு என்றால் புது ஊர். புது ஊர் ஒன்றா இருக்கும்? கர்நாடகத்தில் பல ஹொசூருகள் உண்டு. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா பிறந்த ஊரும் அதே பெயர்தான். ஆனால் அது கௌரிபிதனூர்ப் பக்கம் இருக்கிறது. ராஜாஜியையும் நரசிம்மையாவையும் ஒரே வட்டத்துக்காரர்கள் ஆக்கிவிட இயந்திரத்துக்கு ஒரு நொடி போதும்.

ஓசூரின் பெருமைகளில் ஒன்று டைட்டன் கடிகாரம். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய நிறுவனம் அது. சனிக்கோளின் மிகப் பெரிய துணைக்கோளுக்கும் டைட்டன் என்றே பெயர். அதை 1655இல் கண்டவர் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். அடுத்த ஆண்டே ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவரும் அவரே! டைட்டன், ஹைகன்ஸ், கடிகாரம் மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால், ஓசூர்த் தொழிற்சாலையை நிறுவியவர் ஹைகன்ஸ் என்று நம்ப ஓர் இயந்திரத்துக்கு எல்லாச் சாட்சியும் கிடைத்துவிடும்.

ஒரு பெயருக்குப் பல பொருள் என்பது ஒரு பக்கம். ஒரு பொருளுக்குப் பல பெயர் என்பது மறுபக்கம். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூரின் கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரி அணையையும் நிரப்பி, கடலூர் அருகே கடலில் சேரும் ஆறு நமக்குத் தென்பெண்ணை. கர்நாடகத்தில் அது தட்சிண பினாகினி. பொன்னையாறு என்பாரும் உண்டு. ஆனால் வேலூர்ப் பக்கம் பாலாற்றில் கலக்கும் பொன்னை வேறு ஆறு. கிருஷ்ணகிரித் தோட்டங்களில் விளைந்து கூழ் ஆலைகளுக்குப் போகும் மாவின் பெயர் பெங்களூரா. அதுவே கிளிமூக்கு, அதுவே தோத்தாபுரி. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகரத்தின் பெயரோ 2014 நவம்பர் 1 முதல் ஆங்கிலத்திலும் பெங்களூரு. ஒரே ஒரு எழுத்து மாறினால் பழம் ஊராகிவிடும்.

தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊரில், பெயர் ஒவ்வொன்றும் இப்படி இரண்டு மூன்று வேர்களோடு நிற்கிறது. எழுத்திலும் ஓசூர், ஒசூர், ஹோசூர் என்று மூன்று வடிவங்கள். அதோடு தமிழின் வேற்றுமைகள் சேர்கின்றன: ஓசூரில், ஓசூருக்கு, ஓசூரிலிருந்து, ஓசூரைவிட. எல்லாம் ஒரே ஊர்தான் என்பதே இயந்திரத்துக்கு முதல் பாடம்.

காலம் என்னும் சாட்சி

இனி தொரப்பள்ளிக்குத் திரும்புவோம். ‘ஒரு மனிதருக்கு ஒரே பிறப்பிடம்’ என்ற சட்டத்தை இயந்திரம் கண்டிப்பாகப் பின்பற்றினால், மூன்று மாவட்டங்களில் இரண்டைப் பொய் என்று தள்ளும். இணையத்தில் எந்தப் பெயர் அதிகம் வருகிறதோ அதுவே வெல்லும். ஆனால் இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நூலும் தன் காலத்தின் உண்மையைச் சொன்னது. உண்மையோடு ஆண்டு ஒட்டிக்கொண்டு வரவில்லை என்பதுதான் குறை.

இந்தக் குறையைத் தீர்க்க உழைத்தவர்களில் ஒருவர் பார்த்தா பிரதிம் தாலுக்தார். கார்னகி மெலனில் நெல் குழுவில் இருந்தவர். 2012இல் மிட்செல், டெர்ரி விஜயா ஆகியோருடன் சேர்ந்து, ஒரு செய்தி எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை உண்மை என்று கணினி தானே கண்டறியும் முறையை வெளியிட்டார். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த வளாகத்தில், 2018இல் அவருடைய குழு அதே கேள்வியை வேறு வழியில் மேலும் எடுத்துச் சென்றது.

அடிப்படைக் கருத்து நம் பொது அறிவுதான். காலத்தையும் கூட்டாகவே கற்கலாம். ஒரு மாநிலத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு முதல்வர்தான். ஒருவர் பதவி முடிந்த பின்தான் அடுத்தவர் பதவி தொடங்கும். ஓசூர் மாநகராட்சி என்று படித்தால் 2019க்குப் பின். ஓசூர் நகராட்சி என்று படித்தால் அதற்கு முன். ஒன்றின் முடிவு மற்றொன்றின் தொடக்கத்தைச் சொல்லிக் கொடுக்கிறது. பழைய உண்மையை அழிக்க வேண்டியதில்லை. அதன் காலத்தில் அதை உட்கார வைத்தால் போதும்.

படிப்பதும் மறப்பதும்

இன்று நாம் கைபேசியில் பேசும் பெரிய மொழி மாதிரிகள் நெல்லைப் போலப் பட்டியல் போடுவதில்லை. அடுத்து வரும் சொல் எது என்று கோடிக்கணக்கான பக்கங்களில் ஊகித்து ஊகித்துப் பயில்கின்றன. கற்றது எல்லாம் எண்களாகக் கரைந்து உள்ளே பரவிக் கிடக்கிறது. அவற்றின் சரளம் நெல் கனவிலும் காணாதது. ஆனால் ராஜாஜியின் மாவட்டம் எந்த எண்ணில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதனால் திருத்துவதும் கடினம்.

புதியதை மட்டும் கற்பித்தால் இன்னொரு சிக்கல் வருகிறது. இந்த மாதிரிகளுக்கு அடிப்படையான நரம்புப் பின்னலுக்குப் புதுப் பாடம் சொன்னால் பழைய பாடத்தை அது சட்டென்று மறந்துவிடும் என்று மெக்ளாஸ்கியும் கோஹனும் 1989லேயே காட்டினார்கள். இதற்குப் பேரழிவு மறதி என்று பெயர். கிருஷ்ணகிரியைக் கற்றதும் சேலம் தொலைந்துபோகும். இதுவும் ஒரு காரணமாக, பல மாதிரிகள் ஒரு குறிப்பிட்ட நாளோடு படிப்பை நிறுத்திக்கொள்கின்றன. அதற்குப் பின் நடந்ததைக் கேட்டால், அந்த நேரத்தில் வெளியே தேடி எடுத்துப் படித்துவிட்டுப் பதில் சொல்கின்றன. உள்ளே கற்றதை இழக்காமல் ஒவ்வொரு நாளும் வளர்வது இன்னும் தீராத கேள்வி.

களைச் சிக்கலும் தீர்ந்துவிடவில்லை. மாதிரிகள் எழுதிய உரையையே அடுத்த மாதிரிகள் திரும்பத் திரும்பப் படித்தால் தரம் சரியும் என்று 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. முதலில் மறைவது எது தெரியுமா? அரிய செய்திகள். பெரு நகரங்கள் நிற்கும், தொரப்பள்ளிகள் உதிரும்.

எழுதப்படாதது இல்லாததாகும்

இங்கேதான் இந்த அறிவியல் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. படித்துக் கற்கும் இயந்திரம் எழுதப்பட்டதை மட்டுமே கற்கும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் தன்னார்வலர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்திலோ அது அறுபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.ஃபார்.பாரத் குழு இந்திய மொழி உரைகளைத் திரட்டி யாரும் பயன்படுத்தும்படி வெளியிடுகிறது. இந்திய அறிவியல் கழகமும் கூகுளும் சேர்ந்து நடத்தும் வாணி திட்டம், மாவட்டம் மாவட்டமாகப் பேச்சைப் பதிவு செய்கிறது. நல்ல பணிகள்தான். ஆனால் நாம் எழுதாததை அவர்கள் எங்கிருந்து திரட்டுவார்கள்?

சிப்காட் தொழிற்சாலைகளில் ஒரு தலைமுறை கற்ற கைத்திறன், பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவரின் அனுபவம், மாங்கூழ் ஆலையின் பருவக் கணக்கு, தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து தமிழ்ப் பள்ளிக்கு வந்து கன்னட நகரில் வேலைக்குப் போகும் பிள்ளையின் சொற்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி இன்னும் வாய்ப்பேச்சாகவே இருக்கிறது. சாட்சி சொல்ல யாரும் வராத வழக்கில் எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுத முடியாது.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள். ஏரியின் பெயர், தெருவின் பெயர், தொழிலின் பெயர், எதுவானாலும் தமிழில் எழுதுங்கள். எழுதும்போது இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். ஒன்று, எந்த ஓசூர், எந்தப் பொன்னை, எந்த டைட்டன் என்று முழுமையாகச் சொல்லுங்கள். மற்றொன்று, ஆண்டைச் சேருங்கள். ‘தற்போது’, ‘அண்மையில்’ என்பவை அடுத்த ஆண்டே பொருளிழக்கும். ‘தொரப்பள்ளி, அப்போது சேலம் மாவட்டம், 1965 முதல் தருமபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் மூன்று நூல்களின் சண்டை தீர்ந்துவிடும். அந்த வரி இயந்திரத்துக்கும் உதவும், ஐம்பது ஆண்டு கழித்து இதைப் படிக்கப்போகும் பேரப்பிள்ளைக்கும் உதவும்.